கிணறும் குழாயும்: வணிகக் கணக்கை முகிலுக்கு மாற்றுதல் பற்றி ஓர் ஆராய்ச்சி

ஒரு வினையில் இறங்குமுன், அதனால் முதலில் நம் கைவிட்டுப் போவது யாது, போனதற்கு ஈடாக வருவது யாது, போக்கும் வரவும் கழிந்தபின் நிலைத்து நிற்கும் பயன் யாது என்னும் மூன்றையும் எண்ணுதல் வேண்டும். திருக்குறளிலே தெரிந்துசெயல்வகை என்னும் அதிகாரம் இக்கருத்தோடுதான் தொடங்குகின்றது. பொருட்பாலில் ஆள்வோர்க்கு உரைத்த அந்நெறி கடை நடத்துவோர்க்கும் எத்துணைப் பொருந்தும் என்பதை அண்மையில் நிகழ்ந்த ஒன்றால் உணர்ந்தோம். அதனைப் பழைய மாணவர்க்கும் இன்றைய மாணவர்க்கும் பயன்படுமாறு விரித்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழாசிரியர் கணினியைப் பற்றி எழுதுவதா என்று சிலர் வியக்கக்கூடும். யாம் கணினி வல்லோம் அல்லேம். ஆயினும் ஏட்டுச்சுவடியின் வரலாறு சிறிது அறிவோம். கணக்கை எங்கே வைப்பது என்னும் கேள்வி, ஏட்டை எங்கே வைப்பது என்று நம் முன்னோர் எண்ணிய கேள்வியேயாகும். அவ்வுரிமை பற்றியே எழுதத் துணிந்தோம்.

வினா எழுந்த வகை

எம்மினும் பல்லாண்டு மூத்த பழைய மாணவர் ஒருவர் வெள்ளவத்தையிலே புடைவைக் கடை நடத்துகிறார். கொட்டாஞ்சேனையிலும் ஒரு கிளை உண்டு. அவர் ஒருநாள் மாலை ஆங்கிலத்தில் அச்சிட்ட தாள்க்கட்டு ஒன்றோடு கல்கிசையிலுள்ள எம் இல்லத்துக்கு வந்தார். கடையின் பின்னறைக் கணினியிலிருக்கும் கணக்கு, சரக்கிருப்பு, வாடிக்கையாளர் கடன் ஆகிய யாவற்றையும் முகிலுக்கு மாற்றித் தருவதாகக் கணினி நிறுவனம் ஒன்று அவருக்கு விடுத்த விலைமனு அது. அவருடைய கடையிலே தந்தையார் காலந்தொட்டுப் பணிபுரியும் கணக்கப்பிள்ளை தமிழிலன்றி வாசியார். அவருக்கு விளங்காத தாளில் தாமும் கையொப்பமிடுவதில்லை என்பது அண்ணரின் கொள்கை. ஆதலின், விலைமனுவின் பொருளைத் தெளிந்த தமிழில் எழுதித் தருமாறு எம்மை வேண்டினார்.

தாளைப் புரட்டிய யாம், "அண்ணர், இதனை மாற்றத்தான் வேண்டுமோ?" என்று வினவினோம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்து பின் சொன்னார்:

"மாஸ்டர், எங்கள் ஐயாவின் கடன் கொப்பி 1983 ஆடியிலே கடையோடு எரிந்தது. யார் எவ்வளவு தரவேண்டும் என்று காட்ட ஒரு தாள் மிஞ்சவில்லை. நல்லவர்கள் தாமாகவே தேடி வந்து தந்தார்கள். மற்றவர்கள் வரவில்லை. ஐயா ஒருவரையும் போய்க் கேட்கவில்லை; கேட்பதற்கு அவரிடம் ஆதாரம் இல்லை. என்னுடைய கொப்பியை நான் எங்கே வைப்பது? அதைத்தான் எனக்குச் சொல்லவேண்டும்."

விலைமனுவை முற்றாக வாசித்தோம். மலிவு, வேகம், நவீனம் என்னும் சொற்கள் அதிற் பலமுறை வந்தன. அண்ணரின் வினாவுக்கு விடை மட்டும் அதில் இல்லை. எம்மிடம் தமிழ் கற்று இன்று கணினித் துறையிலே பணிபுரியும் மாணவர் சிலரை வினவித் தெளிந்து, கணக்கப்பிள்ளைக்கு விளங்குமாறு ஒரு குறிப்பு எழுதினோம். அக்குறிப்பின் விரிவே இது.

முகில் என்பது யாது?

யாழ்ப்பாணத்திலே வீட்டுக்கொரு கிணறு உண்டு. கிணறு நம்முடையது. வெட்டுவதும் கட்டுவதும் கோடையில் தூர்வாருவதும் நம் பொறுப்பு. கொழும்புக்கு வந்தோர்க்குக் கிணறு இல்லை, குழாய் உண்டு. நீர் எங்கிருந்தோ வருகின்றது. அதனைத் தூய்மைசெய்வோர் வேறு. நாம் மானியைப் பார்த்துப் பணம் கட்டுகிறோம். கடையின் பின்னறையிலுள்ள சேவையகக் கணினி கிணறு போன்றது. முகிற்கணிமை குழாய் போன்றது. பிறருடைய கணினியை இணையத்தின் வழியே வாடகைக்குக் கொண்டு, பயன்படுத்திய அளவுக்குப் பணம் செலுத்துவதே அது.

இவ்வெண்ணம் புதியதன்று. தொலைபேசியைப் போலக் கணிமையும் ஒருநாள் பொதுச் சேவையாகலாம் என்று அமெரிக்க அறிஞர் யோன் மக்கார்தி 1961-இலேயே கூறினார். 2006-இல் அமேசன் நிறுவனம் தன் கணினிகளில் இடத்தையும் ஆற்றலையும் எவர்க்கும் வாடகைக்கு விடத் தொடங்கியபோது அது நடைமுறையாயிற்று. அமெரிக்காவின் தேசிய நியம, தொழினுட்ப நிறுவகம் 2011-இல் இதற்கு ஐந்து இலக்கணம் வகுத்தது: வேண்டும்போது தாமே பெறுதல், வலையமைப்பின் வழி எங்கிருந்தும் அணுகுதல், பலர்க்கும் பொதுவான வளத்தொகுதி, விரைந்து கூடிக் குறையும் இயல்பு, அளந்து கொடுத்தல் என்பன அவை.

வாடகை மூவகைப்படும். புடைவைக் கடையார்க்கு விளங்குமாறு கூறின், வெறுங் கட்டடத்தை வாடகைக்கு எடுத்துத் தையற்பொறியையும் தையற்காரரையும் நாமே கொண்டுசெல்வது ஒன்று. பொறிகளோடு கூடிய கூடத்தை எடுத்து, தையற்காரரை மட்டும் நாம் கொண்டுசெல்வது இரண்டாவது. தைத்த சட்டையையே வாங்கி அணிவது மூன்றாவது. சிறுவணிகர்க்குப் பெரும்பாலும் ஏற்றது மூன்றாவதே. கணக்கு மென்பொருளை மாத வாடகைக்குத் தருவோர் பலர் உளர். 1996-இல் தொடங்கிய சோகோ நிறுவனமும் அத்தகையோருள் ஒன்று. தென்காசிப் பக்கத்துக் கிராமமொன்றிலும் அது பணியகம் அமைத்திருப்பதைத் தமிழர் பலர் அறிவர்.

முகில் என்னும் பெயர் கேட்போரை மயக்குவது. தரவு வானத்திலே மிதப்பதன்று. காவலும் குளிரூட்டலும் உடைய பெருங்கட்டடமொன்றிலே, சட்டங்களில் வரிசையாக அடுக்கிய கணினிகளிலேதான் அது இருக்கின்றது. சிங்கப்பூரிலும் மும்பாயிலும் அத்தகைய நிலையங்கள் உள்ளன. மைக்ரோசொப்ட் நிறுவனம் 2015-இல் சென்னையிலும் தன் முகிற் சேவையைத் தொடங்கியது. இங்கிருந்து அவற்றுக்குச் செல்லும் வழி வான்வழியன்று, கடலடி வழி.

இதனைக் கல்கிசையார்க்குப் பிறர் சொல்ல வேண்டுவதில்லை. தென்கிழக்காசியாவையும் மத்திய கிழக்கையும் மேற்கு ஐரோப்பாவையும் இணைத்த மூன்றாவது கடலடி வடம், ஏறத்தாழ 39,000 கிலோமீற்றர் நீளமுடையது, இலங்கையிலே கரையேறிய இடம் கல்கிசையே. 2006-இல் தூத்துக்குடிக்கும் கல்கிசைக்கும் இடையே பாரத லங்கா வடம் என்னும் பெயரில் இன்னொன்று இடப்பட்டது. மாலைவேளையில் நம் கடற்கரையில் உலாவியோர், தம் காலடிக்கு அணித்தே நாட்டின் கடிதமும் கணக்கும் சென்றுவந்ததை அறியாமலே உலாவினர். 2004 ஓகஸ்டிலே கொழும்புத் துறைமுகத்தை அடுத்துக் கப்பலொன்றின் நங்கூரம் பட்டு மேற்கூறிய மூன்றாவது வடம் சிதைந்தபோது, இலங்கையின் இணையத் தொடர்பு பெரிதும் தடைப்பட்டது. பின்னர் வேறு வடங்களும் கரையேறியமையால் அவ்விடர் குறைந்தது. ஆயினும் குழாய்நீரை நம்புவோர் குழாய் வரும் வழியையும் அறிந்திருத்தல் நன்று.

போவது

இனி மூன்றனுள் முதலாவதை எண்ணுவோம். சொந்தக் கணினி வாங்குவது மூலதனச் செலவு. முகில் வாடகை மாதந்தோறும் மீண்டெழும் செலவு. முன்னது ஐந்தொகையில் ஆதனமாக நின்று ஆண்டுக்காண்டு பெறுமானந் தேயும். பின்னது மாதந்தோறும் கணக்கில் எழுதப்பட்டுக் கழியும். இரண்டையும் ஒப்பிட, ஐந்தாண்டு முழுவதற்கும் கணக்கிட்டு மாதத்துக்கு வகுத்தல் வேண்டும்.

மாணவர் பொருட்டு ஓர் உதாரணம் காட்டுவோம். எண்கள் கணக்குக்காக யாம் கொண்டவை. சேவையகக் கணினியும் அதன் துணைப்பொருள்களும் 12 இலட்சம் ரூபா எனக் கொள்க. ஐந்தாண்டு உழைக்குமாயின் மாதத்துக்கு 20,000 ரூபா. குளிரூட்டல், மின்சாரம், மின்கலம், பழுதுபார்ப்போர் கூலி ஆகியன மாதம் 25,000 ரூபா. ஆகக் கிணற்றின் செலவு மாதம் 45,000 ரூபா. குழாயின் செலவு மாதம் 150 டொலர் எனக் கொள்க. டொலர் 200 ரூபாவாயின் அது 30,000 ரூபா. மாதம் 15,000 ரூபா மிச்சம் என்று விலைமனு எழுதுவோர் மகிழ்ந்து காட்டுவர்.

ஆனால், 2022-இல் நிகழ்ந்ததை நாம் மறத்தலாகாது. அவ்வாண்டு மார்ச் தொடக்கம்வரை 200 ரூபாவை ஒட்டி நின்ற டொலர், மே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு ஏறிவிட்டது. அதே 150 டொலர் 54,000 ரூபாவாயிற்று. கடையில் ஒன்றும் மாறவில்லை. ஆயினும் மிச்சம் நட்டமாயிற்று. 2024, 2025 ஆம் ஆண்டுகளில் டொலர் 300 ரூபாவை ஒட்டி நின்றது. அவ்விலையிற் குழாயின் செலவும் 45,000 ரூபாவே. கிணற்றின் செலவோடு சரிக்குச் சரி. புதுக் கணினி வாங்குவதாயினும் அதுவும் டொலர் கொடுத்து இறக்குமதியாவதே என்பதையும் நேர்மையோடு சேர்த்தெண்ணுதல் வேண்டும். வேறுபாடு யாதெனின், ஒருமுறை வாங்கிய கணினியை மேலும் ஈராண்டு இழுத்தடிக்கலாம். வாடகையை ஒரு மாதமும் இழுத்தடிக்க இயலாது.

பெரிய நிறுவனங்களிலும் இக்கணக்குப் பிழைப்பதுண்டு. தேர்ட்டிசெவன் சிக்னல்ஸ் என்னும் அமெரிக்க மென்பொருள் நிறுவனம் 2022-இல் மட்டும் முகில் வாடகையாக ஏறத்தாழ 32 இலட்சம் டொலர் செலுத்தியது. தன் வேலையளவு ஆண்டு முழுவதும் பெரிதும் ஏறியிறங்காதது என்பதைக் கண்ட அந்நிறுவனம், சொந்தக் கணினிகளை வாங்கி 2023-இல் தன் மென்பொருள்களை முகிலினின்றும் இறக்கிக்கொண்டது. என்றும் ஒரே அளவு நீர் வேண்டுவோர்க்குக் கிணறு மலிவாகலாம்; திருவிழாக் காலத்தில் மட்டும் மிகுதியாக வேண்டுவோர்க்குக் குழாய் மலிவாகலாம். ஆதலின், முகில் மலிவு என்று பொதுவாகக் கூறுவோர் சொல்லையும், முகில் வீண்செலவு என்று பொதுவாகக் கூறுவோர் சொல்லையும் ஒருங்கே தள்ளுக. பணம் ஒன்றே இவ்வினாவைத் தீர்க்காது என்பதே இக்கணக்கின் பாடம்.

வருவது

போவதற்கு ஈடாக வருவன நான்கு.

முதலாவது, இடையறாமை. 2022 மார்ச் 31 அன்று நாடெங்கும் 13 மணித்தியால மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. மின்பிறப்பாக்கி வைத்திருந்தோர்க்கும் டீசல் கிடைக்கவில்லை. பின்னறைக் கணினி உயிரற்றுக் கிடந்தது. 2025 பெப்ரவரி 9 ஞாயிறன்று பாணந்துறை மின் உபநிலையத்திலே ஒரு குரங்கு புகுந்தமையால் இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றதை நாம் யாவரும் அறிவோம். பெரிய தரவு நிலையத்தார் பல மின்வழிகளும் சேமிப்பும் வைத்திருப்பர். கடையில் மின் நின்றாலும் கணக்கு அழியாது. கைத்தொலைபேசியின் மின்கலம் உள்ளவரை அதனைப் பார்க்கவும் கூடும். இணையத் தொடர்பு நின்றால் பார்க்க இயலாது என்பதும் உண்மையே. அதற்காகக் கடையில் என்றும் ஒரு கைச்சிட்டைப் புத்தகம் இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, இரு கடைக்கும் ஒரு கணக்கு. வெள்ளவத்தையில் விற்ற சேலை கொட்டாஞ்சேனைக் கணக்கிலும் அக்கணமே குறையும். முன்னர்க் கணக்கப்பிள்ளை வாரத்துக்கு இருமுறை பேருந்தில் ஏறிச் சென்று இருப்பைச் சரிபார்த்தார்.

மூன்றாவது, காலத்துக்கேற்பக் கூடுதலும் குறைதலும். தீபாவளிக்கு முந்திய மூன்று வாரத்தில் மேலும் நால்வர் சிட்டை எழுதுவர். தை பிறந்தபின் அந்நால்வர் இல்லை. நால்வருக்கென ஆண்டு முழுவதும் கணினியாற்றலை வாங்கிவைத்தல் வேண்டியதில்லை.

நான்காவது, பராமரிப்பு. மென்பொருளின் குறைகளை உடனுக்குடன் திருத்தல், பழுதான தட்டை மாற்றுதல் முதலியவற்றைச் செய்ய அந்நிலையத்தாரிடம் அதற்கென்றே பயின்றோர் உளர். நெட்பிளிக்ஸ் நிறுவனம் 2008-இல் தன் சொந்தத் தரவுத்தளம் சிதைந்து மூன்று நாள்கள் வாடிக்கையாளர்க்குத் திரைப்படத் தட்டுகளை அனுப்ப இயலாது நின்றபின்பே முகிலுக்கு மாறத் தொடங்கியது. மாற்றம் முடிந்தது 2016 சனவரியில். அத்துணைப் பெரிய நிறுவனமும் ஒரே நாளிற் பாயாமல் ஏழாண்டு எடுத்துப் பகுதி பகுதியாக மாறியது என்பதை வணிகர் கவனிப்பாராக.

பின் நிற்பது

போவதும் வருவதும் கண்டோம். அண்ணரின் வினாவோ இம்மூன்றாம் பகுதிக்குரியது. யாவும் கழிந்தபின் கணக்கு நிற்குமா?

முகிலில் வைத்தால் நிற்கும் என்று எளிதிற் கூறிவிடலாம். நம் நாட்டு நிகழ்ச்சி அதனை மறுக்கின்றது. லங்கா அரசாங்க முகில் என்னும் அரச சேவை 2023 ஓகஸ்டிலே, தரவைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் நச்சுமென்பொருளின் தாக்குதலுக்கு உள்ளானது. அவ்வாண்டு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான அரச மின்னஞ்சல்கள் மீளாது போயின. ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகத்தினுடையனவும் அவற்றுள் அடங்கும். பயன்படுத்திய மென்பொருள் பழையது. வலையமைப்போடு இணைந்திருந்த காப்புப் பிரதியும் தாக்கப்பட்டது. வலையமைப்பினின்றும் பிரித்துவைத்த பிரதி அக்காலப் பகுதிக்கு இருக்கவில்லை.

செல்வம் மிக்க நாட்டிலும் இவ்வாறு நேர்ந்தது. 2025 செப்ரெம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜோன் நகரிலுள்ள அரச தரவு நிலையத்தில் மின்கலத்தில் எழுந்த தீயினால் 709 அரச கணினிச் சேவைகள் நின்றன. அரச ஊழியர் தம் பணிக் கோப்புகளை இட்டுவைத்த 858 டெராபைட் கொண்ட களஞ்சியம் அழிந்தது. மிகப் பெரிது என்பதனால் அதற்கு வேறிடத்திற் பிரதி எடுக்கப்படவில்லையாம். பெரிதாக இருந்தமையாலன்றோ பிரதி வேண்டியிருந்தது!

இவ்விரண்டும் முகிலின் குற்றமல்ல. ஒரே இடத்தில் ஒரே பிரதி என்பதன் குற்றமாகும். தமிழர்க்கு இப்பாடம் புதிதன்று. பனையோலை சில நூற்றாண்டே நிற்கும். பின் செல்லரித்து உதிரும். ஆதலின் நம் முன்னோர் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதினர். எழுதியதை வேறு ஊரிலும் வேறு மடத்திலும் வைத்தனர். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887-இல் கலித்தொகையை அச்சேற்ற இயன்றது, அந்நூலின் பிரதிகள் எங்கோ சில வீடுகளிலும் மடங்களிலும் மிஞ்சியிருந்தமையாலேதான். பெயர்த்தெழுதப்படாத நூல்கள் பெயரளவிலேயே நமக்கு எஞ்சின. 1981 யூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறிடத்தில் பிரதியுள்ள நூல் மீண்டது; அங்கு மட்டுமே இருந்த ஏடு மீளவில்லை. 2005-இல் தொடங்கிய நூலகம் என்னும் இணைய முயற்சி ஈழத்து நூல்களை மின்வடிவில் ஆக்கிப் பலர்க்கும் எட்டச் செய்வது, முன்னோர் ஏடு பெயர்த்தெழுதிய தொண்டின் தொடர்ச்சியேயாகும்.

இன்னொன்றும் உண்டு. கணக்கை வாடகை வீட்டில் வைக்கலாம். பொறுப்பை வாடகைக்கு விட இயலாது. முகில் நடத்துவோர் தம் கட்டடத்துக்கும் கணினிக்கும் பொறுப்பேற்பர். நாம் இட்ட தரவு, நாம் கொடுத்த கடவுச்சொல், நாம் எடுக்க மறந்த பிரதி ஆகியவற்றுக்கு நாமே பொறுப்பு. இலங்கையின் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும், பிறர் தரவை எந்நோக்கத்துக்காகத் திரட்டுவது என்று தீர்மானிப்போர் மீதே முதற்பொறுப்பைச் சுமத்துகின்றது. கடன் பட்டியலில் இருப்பது வெறும் எண்ணன்று. எவர் எவ்வளவு கடன்பட்டார் என்னும் அயலாரின் மானம்.

முடிபு

இவ்வளவும் எழுதிக் கணக்கப்பிள்ளையிடம் கொடுத்தோம். மூவரும் கூடியிருந்து தீர்மானித்தவை வருமாறு:

1. கணக்கு, இருப்பு, கடன் ஆகிய மூன்றும் முகிலுக்குச் செல்லும். கடையின் கண்காணிப்புப் படங்கள் செல்லா. அவை பருமன் மிக்கவை, ஒரு மாதம் கழிந்தால் பயனற்றவை.

2. சனிக்கிழமைதோறும் இரவில் முழுப் பிரதி ஒன்று தனித்தட்டில் எடுத்து, இணையத்தோடு தொடுக்காமற் கொட்டாஞ்சேனைக் கடையிலே பூட்டிவைக்கப்படும்.

3. மாதமுடிவிற் கடன் பட்டியல் தாளில் அச்சிடப்பட்டு, கணக்கப்பிள்ளையின் கையொப்பத்தோடு வேறொரு வீட்டில் வைக்கப்படும்.

4. டொலர் ஏறினால் தாங்குதற்கு ஆறு மாத வாடகை புறம்பாக ஒதுக்கிவைக்கப்படும்.

5. ஒப்பந்தம் முடியுங்கால், தரவு முழுவதையும் பிற மென்பொருளும் வாசிக்கத்தக்க வடிவில் மீட்டுத் தருவோம் என்பதை அந்நிறுவனத்தார் எழுதித் தருதல் வேண்டும். போகும் வழியைக் கேட்போர் திரும்பும் வழியையும் கேட்டல் முறையன்றோ?

6. பிரதியிலிருந்து கணக்கை மீளக் கட்டிக் காட்டியபின்பே கையொப்பம்.

ஆறாவது விதி கணக்கப்பிள்ளை சொன்னது. அதனை ஏற்க நிறுவனத்தார் முதலில் தயங்கினர், பின் இசைந்தனர். ஒரு ஞாயிறன்று கடை பூட்டியிருந்த வேளையிலே, வேறொரு கணினியில் அத்தட்டைத் திறந்தனர். சரக்கிருப்பு ஒழுங்காக வந்தது. பேரேடும் வந்தது. கடன் பட்டியல் வரவில்லை. பிரதி எடுக்கும் ஏற்பாட்டிலே அப்பகுதியைச் சேர்க்க மறந்திருந்தனர்.

அண்ணர் ஒன்றும் பேசவில்லை. கணக்கப்பிள்ளை மட்டும் தம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "பெரியவருடைய கொப்பியும் இதே மாதிரித்தான், இருக்கிறது என்றே நினைத்தோம்" என்றார்.

அடுத்த ஞாயிறு மறுபடியும் சோதித்தனர். இம்முறை கடன் பட்டியல் முழுவதும் வந்தது. கணக்கப்பிள்ளை தாம் கையால் எழுதிவந்த கொப்பியை விரித்து, பெயர் பெயராக, ரூபா சதம் வரை ஒத்துப்பார்த்தார். அதற்கு மூன்று மணித்தியாலம் சென்றது. அதன்பின் ஆங்கிலத் தாளிலே தமிழிற் கையொப்பமிட்டார். அண்ணரும் இட்டார்.

இதனின்றும் யாம் அறிந்தது ஒன்றே. முகிலுக்கு மாறுதற்குரிய வணிக நியாயம் மலிவில் இல்லை, நவீனத்தில் இல்லை. கணினியைக் காக்கும் வேலையை வல்லார் கையில் ஒப்படைத்து, கணக்கைக் காக்கும் வேலைக்கு வணிகர் தம் கருத்தைத் திருப்ப இயலுமாயின் மாற்றம் தகும். இரண்டையும் ஒருங்கே பிறர் தலையிற் போட்டு உறங்க எண்ணுவோர்க்குக் கிணறும் உதவாது, குழாயும் உதவாது. குழாய்நீர் வரும் வீட்டிலும் அறிவுடைய இல்லாள் ஒரு குடம் நிறைத்து வைப்பாள்.

வணிகம் நடத்தும் பழைய மாணவர்களே, உங்கள் காப்புப் பிரதியை இறுதியாக என்று திறந்து பார்த்தீர்கள் என்பதை இவ்விதழை மூடுமுன் எண்ணிப் பாருங்கள். மாணவர்காள், நீவிர் நாளை கணினித் துறைக்குச் செல்லுங்கால், பிறருடைய கடன் கொப்பியை உம் கையில் ஏந்தியிருக்கிறீர் என்பதை மறவாதீர். இயந்திரத்தை அறிதல் கல்வி. அதனை நம்பி வாழ்வோரை நினைத்தல் கல்வியின் பயன்.

விழாக் காணும் எம் கல்லூரியின் வரவுப் பதிவேடுகளும் ஆண்டு மலர்களும் பழம் படங்களும் எங்கே, எத்தனை பிரதியாக உள்ளன என்னும் வினாவையும் சங்கத்தார் முன் பணிவோடு வைத்து, இக்கட்டுரையை முடிக்கின்றோம். கல்லூரி நீடு வாழ்க!